மெஷ்டாஸ்டிக்: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பின்

மெஷ்டாஸ்டிக் என்பது 2020-இல் கெவின் ஹெஸ்டர் தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் திட்டம். லோரா ரேடியோ (குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் எட்டும் வகை) உள்ள சின்ன போர்டு ஒன்றில் அதன் ஃபர்ம்வேரை, அதாவது கருவியை இயக்கும் மென்பொருளை ஏற்றி, புளூடூத் வழியாகப் போனோடு இணைத்துவிட்டால், மொபைல் டவரும் இன்டர்நெட்டும் இல்லாமலே குறுஞ்செய்தி அனுப்பலாம். நம் கருவிக்கு எட்டாத ஆளுக்கு, நடுவில் இருக்கும் மற்றவர்களின் கருவிகள் செய்தியைக் கைமாற்றிக் கொடுக்கும். சிம் கிடையாது, சந்தா கிடையாது. புதிதாக வருகிறவர்கள் என்னிடம் "எந்த போர்டு வாங்கலாம்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது, "அதை எங்கே வைக்கப் போகிறீர்கள்?"

ஏனென்றால் எல்லாவற்றையும் தீர்மானிப்பது இடம்தான். அறைக்குள் மேஜைமேல் இருக்கும் கருவி சில தெருக்களைத் தாண்டவே திணறும். அதே கருவியை மொட்டை மாடியில், சுற்றியுள்ள கட்டடங்களுக்கு மேலே தெரியும்படி ஒரு கம்பத்தில் ஏற்றினால் பல கிலோமீட்டர் போகும். கருவியைக் கீழே வைத்துவிட்டு நீளமான ஒல்லிக் கேபிளில் ஆன்டெனாவை மட்டும் மேலே கொண்டுபோவதில் எனக்கு உடன்பாடில்லை. இந்த அலைவரிசையில் கேபிளே பாதி சிக்னலை விழுங்கிவிடும். தண்ணீர் புகாத பெட்டியில் போர்டை வைத்து, ஆன்டெனாவுக்கு அடியிலேயே பொருத்திவிடுங்கள்.

ஆன்டெனா உங்கள் நாட்டு அலைவரிசைக்கு உரியதா என்று பார்த்து வாங்க வேண்டும். இந்தியாவில் 865–867 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 915-ஐ ஒட்டிய பட்டை. 433-க்கான ஆன்டெனாவை இதில் மாட்டினால் சரியாக வேலை செய்யாது. ஆன்டெனா மாட்டாமல் கருவிக்கு மின்சாரம் கொடுக்கவே கூடாது, ரேடியோ சிப் பழுதாகலாம். அப்புறம் போனில் உள்ள மெஷ்டாஸ்டிக் ஆப்பில், எந்த நாட்டு அலைவரிசை என்று சொல்லும் ரீஜன் அமைப்பைத் தேர்ந்தெடுக்கும்வரை கருவி எதையும் அனுப்பாது.

போர்டு விஷயம் சுருக்கமானது. இஎஸ்பி32 சிப் உள்ளவை விலை குறைவு, வைஃபை உண்டு, ஆனால் மின்சாரத்தை நிறையக் குடிக்கும். ஒரு 18650 வகை லித்தியம் பேட்டரியில் ஒரு நாளைத் தாண்டுவதே பெரிய விஷயம். என்ஆர்எஃப்52840 சிப் உள்ளவை அதே பேட்டரியில் பல நாள் ஓடும். சோலாரில் மாடியில் விட்டுவிட இரண்டாவதுதான் சரி.

வலையில் ஆட்கள் கூடும்போதுதான் உண்மையான சவால் வருகிறது. ஒரு செய்தி கேட்டதும் எல்லாக் கருவிகளும் உடனே திருப்பி அனுப்பிவிடுவதில்லை. சிக்னல் பலவீனமாகக் கிடைத்த கருவி, அதாவது பெரும்பாலும் தூரத்தில் இருப்பது, முதலில் அனுப்பும். அதைக் கேட்ட மற்றவை பேசாமல் இருந்துவிடும். அழகான ஏற்பாடு. ஆனால் ரூட்டர் என்று அமைத்த கருவி இந்த வரிசையை மீறி முந்திக்கொள்ளும். மலை உச்சியிலோ உயரமான கோபுரத்திலோ இருந்தால் அது எல்லோருக்கும் உதவி. வீட்டு ஜன்னலில் இருக்கும் கருவியை ஒருவர் ரூட்டர் ஆக்கினால், நல்ல இடத்தில் உள்ள கருவிகள் அதைக் கேட்டு வாயை மூடிக்கொள்ளும். செய்தி அங்கேயே தேங்கும், ஒரு தாவலும் (ஒரு கருவி செய்தியைக் கைமாற்றுவது ஒரு தாவல்) வீணாகும். தாவல்களின் இயல்பான வரம்பு 3, உச்சம் 7. எடுத்த எடுப்பில் 7 வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். இடமறிவிப்பு, பேட்டரி நிலை போன்ற தானியங்கித் தகவல்களின் இடைவெளியையும் நீட்டி வையுங்கள். காற்றில் இருப்பது எல்லோருக்கும் பொதுவான ஒற்றை வழி.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது கூடுதலாகவே பொருந்தும். ஒரு செய்திக்கு ஏறக்குறைய 200 பைட்தான் இடம். தமிழில் ஒவ்வொரு எழுத்துக்கும், புள்ளிக்கும், கொம்புக்கும் தனித்தனியாக 3 பைட் ஆகும். "நான் வந்து சேர்ந்துவிட்டேன்" என்பது 77 பைட். வேகத்தையும் தூரத்தையும் தீர்மானிக்கும் அமைப்புகளில் இயல்பாக வரும் லாங்ஃபாஸ்டில் இதை அனுப்பவே ஏறக்குறைய 1 வினாடி பிடிக்கும், ஒவ்வொரு தாவலிலும் மறுபடி அதே அளவு. "வந்தாச்சு" என்றால் வெறும் 27 பைட். என் குடும்பத்தில் இப்படிச் சுருக்கமாகப் பேசிப் பழகிவிட்டோம். செய்திகளும் முன்பைவிட ஒழுங்காகப் போய்ச் சேருகின்றன.

ஆனாலும் எல்லாச் செய்தியும் போய்ச் சேரும் என்று நம்பக் கூடாது. பொதுச் சேனலில் டிக் விழுந்தால், யாரோ ஒருவரின் கருவி அதைக் கேட்டுத் திருப்பி அனுப்பியது என்று மட்டும்தான் பொருள். நேரடிச் செய்தியில்தான் பெறுபவரின் கருவியே ஒப்புதல் அனுப்பும். முக்கியமான தகவலை நான் நேரடிச் செய்தியாகவே அனுப்புகிறேன். இன்னொன்று, இயல்பாக வரும் சேனலின் சாவி, அதாவது செய்தியைப் பூட்டும் குறியாக்கச் சாவி, ஊரறிந்தது. குடும்பத்துக்கோ குழுவுக்கோ புதுச் சாவியோடு தனிச் சேனல் அமைத்து, கியூஆர் குறியீட்டை நேரில் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள்.

இப்போது மெஷ்கோர் என்ற இன்னொரு ஃபர்ம்வேரும் பரவி வருகிறது. அதில் சாதாரணப் பயனரின் கருவி செய்தியைக் கைமாற்றாது, ரிப்பீட்டர்களாக நிறுவியவைதான் கைமாற்றும். திட்டமிட்டு ரிப்பீட்டர் வைக்க ஆள் இருந்தால் அது நெரிசலைக் குறைக்கும் என்பது என் கணிப்பு. ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று பேசாது. ஆகவே உங்களைச் சுற்றி இருப்பவர்கள் எதில் இருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு அதில் சேருங்கள். பெரும்பாலான போர்டுகளில் இரண்டுமே ஓடும். பின்னால் மாற வேண்டியிருந்தால் ஃபர்ம்வேரை மட்டும் மாற்றினால் போதும்.