எண்ணெயா, கிரீமா? நுரைக்கு முன்னால் தாடியில் எதைத் தடவலாம்

பிரஷ், சோப்பு, இருபக்க பிளேடு என்று பழைய முறை சவரத்துக்குத் திரும்பியவர்கள் சில மாதங்களிலேயே வந்து நிற்கும் கேள்வி இது: நுரை போடுவதற்கு முன் வேறு ஏதாவது தடவ வேண்டுமா? கடையில் கிடைப்பவை முக்கியமாக இரண்டு வகை. சின்னக் குப்பியில் வரும் ப்ரீ-ஷேவ் எண்ணெய் ஒன்று, டப்பாவில் வரும் ப்ரீ-ஷேவ் கிரீம் இன்னொன்று. இரண்டையும் நான் மாறி மாறிப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். பிரஷ்ஷால் நுரை எழுப்பிச் சவரம் செய்பவருக்குக் கிரீம்தான் என்பது என் முடிவு. எண்ணெய்க்கும் வேலை உண்டு, ஆனால் அது வேறு வேலை.

இரண்டுக்கும் முன்னால் தண்ணீரைப் பற்றிப் பேச வேண்டும். தாடி முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. தண்ணீர் உள்ளே இறங்கும்போது அந்தப் புரத இழைகளைப் பிணைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் தளர்கின்றன. முடி சற்றே பருத்து மெத்தென்று ஆகிறது, வெட்டுவதற்குத் தேவைப்படும் விசை குறைகிறது. இதற்கு இரண்டு மூன்று நிமிடமாவது வேண்டும். வெதுவெதுப்பான நீரானால் இன்னும் சீக்கிரம் ஊறும். நான் சின்ன வயதில் போய்க்கொண்டிருந்த சலூனில் அண்ணன் தண்ணீர் அடித்துவிட்டுக் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டே இருப்பார். "தாடி ஊறணும் தம்பி. ஊறாத தாடி எந்த பிளேடுக்கும் மசியாது" என்பார். ப்ரீ-ஷேவ் பொருள் எதை வாங்கினாலும் இந்த மூன்று நிமிடத்துக்கு அது ஈடாகாது. குளித்து முடித்த கையோடு சவரம் செய்பவருக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது.

இனி எண்ணெய். அமெரிக்காவில் 1996-இல் மன்ஹாட்டனில் தொடங்கிய 'தி ஆர்ட் ஆஃப் ஷேவிங்' இந்த வகையைப் பலருக்கும் அறிமுகப்படுத்தியது. அதன் எண்ணெயில் முக்கியமான சரக்கு ஆமணக்கு எண்ணெய், அதாவது நம் வீட்டு விளக்கெண்ணெய். அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. விளக்கெண்ணெயின் பெரும்பகுதி ரிசினோலிக் அமிலம்; அதனால்தான் மற்றத் தாவர எண்ணெய்களைவிட அவ்வளவு கெட்டியாக இருக்கிறது. தோல்மேல் படலமாக நிற்கும், எளிதில் வழிந்து ஓடாது. பிளேடு அந்தப் படலத்தின் மேல் வழுக்கிப் போகும்.

எண்ணெயில் பலரும் தவறுவது வரிசையில். காய்ந்த தாடியில் எண்ணெய் தடவினால் அது தண்ணீரை உள்ளே விடாமல் மறிக்கும். முதலில் தாடி நன்றாக ஊற வேண்டும், பிறகு அந்த ஈரத்தின் மேலேயே மூன்று நான்கு சொட்டு. அதற்கு மேல் கூடாது. நான் முதலில் உள்ளங்கை நிறைய ஊற்றிக்கொண்டேன், அதன் பலனையும் அனுபவித்தேன். பிரஷ்ஷை வைத்துச் சுற்றச் சுற்ற நுரை எழவே இல்லை. எழுந்ததும் நீர்த்துப் படுத்துவிட்டது. எண்ணெய் நுரையை உடைக்கும் என்பதை அன்றுதான் கன்னத்திலேயே கற்றேன். ஏற்கெனவே கடினமான போர்வெல் தண்ணீர் உள்ள வீட்டில் இது இரட்டைத் தண்டனை. கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கசடாகும், மிச்சமிருக்கும் நுரையை எண்ணெய் கவனித்துக்கொள்ளும்.

இன்னொரு சங்கடம் விரல். தாடைக்குக் கீழே தோலை இழுத்துப் பிடிக்காமல் அங்கே சவரம் செய்ய முடியாது. எண்ணெய் பட்ட விரலில் தோல் நிற்காது, வழுக்கிக்கொண்டே போகும். இதற்கு ஒரு வழி உண்டு: ஈரமான படிகாரக் கல்லை இடது கை விரல் நுனிகளில் தேய்த்துக்கொண்டால் பிடி கிடைக்கும். ரேசர் பிடிக்கும் கையையும் சோப்பு போட்டுக் கழுவிவிடுங்கள். வழுக்கும் கையில் திறந்த பிளேடு நல்லதல்ல. மூன்று, ஐந்து பிளேடு கொண்ட கார்ட்ரிட்ஜ் என்றால் வெட்டிய முடியும் எண்ணெயும் இடுக்கில் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். ஒற்றை பிளேடு ரேசரில் அந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை, ஓடும் தண்ணீரில் காட்டினால் போய்விடும்.

அப்படியானால் எண்ணெய் எதற்கு? தாடி வளர்த்து, கன்ன ஓரத்திலும் கழுத்திலும் மட்டும் கோடு எடுப்பவருக்கு அதைவிட நல்ல பொருள் இல்லை. நுரை வெள்ளையாகக் கோட்டை மறைத்துவிடும். எண்ணெய் கண்ணாடி மாதிரி, எந்த இடத்தில் வெட்டுகிறோம் என்று தெரியும். நுரையே போடாமல் எண்ணெயில் மட்டும் வேலையை முடிக்கலாம். பயணத்துக்கும் வசதி. தோல் வறண்டு, பனிக்காலத்தில் சவரத்துக்குப் பின் இழுத்துப் பிடிப்பவர்களுக்கும் எண்ணெய் இதமாக இருக்கும். தனியாகக் குப்பி வாங்க வேண்டும் என்றுகூட இல்லை. தேங்காய் எண்ணெயில் கொஞ்சம் விளக்கெண்ணெய் கலந்தால் போதும். ஆனால் முகப்பரு வரும் தோலாக இருந்தால் தேங்காய் எண்ணெய் வேண்டாம், துளைகளை அடைக்கும்.

கிரீம் என்றால் என் நினைவுக்கு முதலில் வருவது இத்தாலியின் ப்ரொராசோ. ஃப்ளாரன்ஸ் நகரத்து மார்த்தெல்லி குடும்பத்தின் நிறுவனம் அது. யூகலிப்டஸ், மெந்தால் மணத்தோடு பச்சை நிற அடையாளத்தில் வரும் அந்தக் கிரீமை இத்தாலிய சலூன்கள் பல தலைமுறையாகப் பயன்படுத்தி வருகின்றன. சவரத்துக்குப் பின்னும் அதையே தடவலாம் என்று டப்பாவிலேயே போட்டிருக்கும். உள்ளே இருப்பதைப் படித்துப் பார்த்தால் ஸ்டியரிக் அமிலம், கிளிசரின் என்று ஷேவிங் கிரீமின் உறவுக்காரப் பெயர்களாகவே இருக்கும். அதனாலேயே இது நுரையோடு சண்டை போடுவதில்லை, அதிலேயே கரைந்துவிடுகிறது. கிளிசரின் ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஊறிய தாடி, பிரஷ்ஷைக் குழைக்கும் நேரத்தில் காய்ந்துவிடாமல் இருப்பது இதனால்தான். எனக்குக் கிரீமைப் பிடித்துப்போன காரணமும் இதுதான்: எண்ணெய் தோலைப் பார்த்துக்கொள்கிறது, கிரீம் முடியைப் பார்த்துக்கொள்கிறது. சவரத்தில் எதிர்த்து நிற்பது முடிதானே.

மெந்தாலின் குளிர்ச்சி பற்றி ஒரு வார்த்தை. அது தோலைக் குளிர வைப்பதில்லை. குளிரை உணரும் நரம்பைத் தூண்டுகிறது, அவ்வளவுதான். மே மாதத்து வெயிலில் அந்த உணர்வே போதும் என்றுதான் எனக்குத் தோன்றும். ஆனால் கண்ணுக்குக் கீழே வரை தடவினால் கண் கரிக்கும். தோல் சட்டென்று சிவப்பவர்கள் அதே நிறுவனத்தின் வெள்ளை வகையைப் பார்க்கலாம். அதில் கிரீன் டீயும் ஓட்ஸும் சேர்த்திருக்கிறார்கள்.

கிரீமும் கடின நீரில் முழுதாகத் தப்பிக்காது, அதுவும் சோப்புக் குடும்பம்தானே. ஒரு சொம்பு குடிநீரைத் தனியாக எடுத்து, பிரஷ்ஷை அதில் நனைத்து நுரை எழுப்புங்கள். நான் இதை ஆரம்பித்த பிறகு கிரீமின் செலவே பாதியாகக் குறைந்தது.

செலவில் எண்ணெய்தான் சிக்கனம். ஒரு மில்லிக்குச் சுமார் இருபது சொட்டு. தடவைக்கு நான்கு சொட்டு என்றால் 60 மில்லி குப்பி முந்நூறு சவரம் வரும். 100 மில்லி கிரீம், தடவைக்கு ஒரு மில்லி வீதம் நூறோடு முடியும். இதைவிட மலிவாக வேண்டுமென்றால் கிளிசரின் குளியல் சோப்பு ஒன்றை ஈரத்தாடியில் நேரடியாகத் தேய்த்து, கழுவாமல் அதன் மேலேயே நுரை போடுங்கள். போர்ச்சுகலின் மூஸ்கோ ரியால் இதற்கென்றே ஒரு கிளிசரின் சோப்பு விற்கிறது. நம் கடைகளில் கிடைக்கும் பியர்ஸ் கட்டியும் எனக்கு நன்றாகவே வேலை செய்தது.

இப்போது வாரத்தில் ஐந்து நாள் கிரீம். கிருதா ஓரத்தைச் சரிசெய்யும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் எண்ணெய், அன்று பிரஷ்ஷைத் தொடுவதில்லை. எண்ணெய்க்கு மேல் பிரஷ் போட்டே ஆக வேண்டும் என்பவர்கள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பாத்திரம் துலக்கும் திரவம் இரண்டு சொட்டு விட்டு பிரஷ்ஷை அலசி, முடி கீழே பார்க்கும்படி தொங்கவிடுங்கள். பிசுக்கு ஏறிய பிரஷ், நல்ல சோப்பில்கூட நுரை தராது.