ரட்லண்ட் வாட்டர்: குடிநீரும் பறவைகளும் பங்கிட்டுக்கொள்ளும் ஓர் ஏரி

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் புதிதாக இரண்டு நீர்த்தேக்கங்களைக் கட்டத் திட்டமிட்டு வருகிறார்கள். ஒன்று லிங்கன்ஷயரில் ஸ்லீஃபோர்டுக்குத் தென்கிழக்கே அமையவிருக்கிறது. மற்றொன்று கேம்பிரிட்ஜ்ஷயரின் ஃபென்ஸ் சமவெளியில், சாட்டரிஸ், மார்ச் என்னும் இரு சிறுநகரங்களுக்கு இடையே. குடிநீருக்கும் வழி பிறக்கும், இயற்கையும் செழிக்கும் என்று இரண்டைப் பற்றியும் சொல்லப்படுகிறது. இப்படிப்பட்ட வாக்குறுதியைத் திட்ட வரைபடங்களை வைத்து எடைபோடுவதைவிட, ஏறத்தாழ அரை நூற்றாண்டாக இயங்கிவரும் ஒரு நீர்த்தேக்கத்தை நேரில் போய்ப் பார்ப்பதே மேல் என்று எனக்குப் பட்டது. அவ்வகையில் ரட்லண்ட் வாட்டருக்குக் கோடையில் ஒரு முறையும் குளிர்காலத்தில் ஒரு முறையும் சென்று வந்தேன்.

இங்கிலாந்து என்றாலே ஓயாத மழை என்று நினைப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லவேண்டும். நாட்டின் இந்தக் கிழக்கு ஓரத்தில் ஆண்டுக்குப் பெய்வது ஏறத்தாழ 600 மில்லிமீட்டர்தான். தமிழ்நாட்டின் சராசரி மழையே இதைவிடக் கணிசமாக அதிகம். எனவே இங்கே நீரைத் தேக்கிவைப்பது ஆடம்பரமல்ல. 1970களில் குவாஷ் என்னும் சிற்றாற்றின் பள்ளத்தாக்குக்குக் குறுக்கே, எம்பிங்ஹாம் ஊரருகே ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர் நீளத்துக்குக் களிமண் அணை எழுப்பி இந்த ஏரியை உருவாக்கினார்கள். குவாஷ் ஆறு தரும் நீர் மிகச் சொற்பம் என்பதால், வெல்லண்ட், நீன் ஆகிய ஆறுகளில் நீர் மிகுந்து ஓடும் காலத்தில் அதைக் குழாய்கள் வழியாக இறைத்துக் கொண்டுவந்து நிரப்புகிறார்கள். கொள்ளளவு 12.4 கோடி கன மீட்டர். பரப்பளவில் இங்கிலாந்தின் மிகப் பெரிய நீர்த்தேக்கம் இதுவே; கொள்ளளவில் மட்டும் வடக்கே உள்ள கீல்டர் இதை விஞ்சுகிறது.

அணைக்கரையில் நின்றால் அது அணை என்றே முதலில் தோன்றாது. நிலத்தோற்றக் கலைஞர் சில்வியா குரோவின் ஆலோசனையோடு வடிவமைக்கப்பட்ட அதன் வெளிச்சரிவு, சுற்றியுள்ள மேய்ச்சல் மேடுகளோடு கலந்துவிடும்படி புல் போர்த்திக் கிடக்கிறது. பார்வைக்கு இனிமையான இந்த வேலை பாராட்டத்தக்கதே. ஆனால் நான் வியந்தது ஏரியின் மறுகோடியில், மேற்கே எகில்டன் ஊரை ஒட்டிய பறவைக் காப்பிடத்தில்தான்.

குடிநீர் ஏரி ஒன்று பறவைகளுக்கு இயல்பாகவே நல்ல இடமாக அமைந்துவிடுவதில்லை. நகரங்களுக்குத் தண்ணீர் எடுக்க எடுக்க மட்டம் இறங்கும். ஆற்று நீரை இறைத்துவிட்டால் ஏறும். கரையோரம் நாணல் வேர்பிடிக்கும் முன் வறண்டுபோகும். தீவில் முட்டையிட்ட பறவையின் கூடு மூழ்கிப்போகும். ஆழமான நடு ஏரியிலோ மேலே மேய்ந்து தின்னும் வாத்துகளுக்கு எட்டும் தீனி குறைவு. இதை உணர்ந்துதான் ரட்லண்டில் ஏரி நிரம்பும் முன்பே, ஆழமற்ற மேற்குக் கைகளின் குறுக்கே தாழ்வான கரைகளைப் போட்டுத் தனித்தனிக் குட்டைகளைப் பிரித்தார்கள். பெரிய ஏரியின் மட்டம் எங்கே இருந்தாலும், இந்தக் குட்டைகளில் எவ்வளவு நீர் நிற்கவேண்டும் என்பதை மதகுகளைக் கொண்டு காப்பாளர்கள் தீர்மானிக்கலாம். ஏரிக்குள் ஏரி என்று நம் ஊரில் சொன்னால் உடனே விளங்கும். பிற்காலத்தில் ஏரியிலிருந்து கூடுதலாக நீர் எடுக்கவேண்டிவந்தபோது, மட்டம் இன்னும் இறங்கும் என்பதைக் கணக்கிட்டு மேலும் பல குட்டைகளை வெட்டினார்கள். 1975இலேயே காப்பிடத்துக்கு ஒரு காப்பாளரை நியமித்துவிட்டதையும், அப்பொறுப்பில் டிம் ஆப்பிள்டன் நாற்பதாண்டுகளுக்கும் மேலாக நீடித்ததையும் இதோடு சேர்த்தே பார்க்கவேண்டும்.

இதன் பலனைக் குளிர்காலத்தில் கண்ணாரக் காணலாம். அப்போது இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகள் இங்கே தங்குகின்றன; கருவால் வாத்தும் தட்டைவாயனும் பெருந்திரளாக வருவதே இந்த ஏரி 1991இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெறக் காரணம். மறைவுக் குடில்களின் சாளரப் பலகையைத் திறந்தால், தொலைநோக்கி இல்லாமலேயே எண்ணத் தொடங்கிவிடலாம். காற்று மட்டும் எலும்பைத் துளைக்கும். கையுறையை மறந்துவிட்டுப் போனது என் பிழை.

கோடையின் நாயகன் விராலடிப்பான். நடு இங்கிலாந்திலிருந்து ஒன்றரை நூற்றாண்டாக மறைந்துபோயிருந்த இந்த மீன்பிடிக் கழுகினத்தின் குஞ்சுகளை 1996 முதல் ஸ்காட்லாந்திலிருந்து கொண்டுவந்து இங்கே பறக்கவிட்டார்கள். 2001இல் முதல் குஞ்சு இங்கேயே பொரிந்தது. தென்கரையில் உள்ள லிண்டன் பக்கத்திலிருந்து நடந்துபோனால், மேன்டன் விரிகுடாவில் நடப்பட்ட உயர்ந்த கம்பத்தின் உச்சியில் உள்ள கூட்டைக் குடிலிலிருந்தே காணலாம். தன்னார்வலர்கள் பொறுமையோடு விளக்குகிறார்கள். நான் நின்றிருந்த ஒன்றரை மணி நேரத்தில் ஆண்பறவை ஒரே ஒரு முறைதான் மீனோடு வந்தது. அந்த ஒரு முறையே போதுமானதாக இருந்தது.

குறைகள் இல்லாமலில்லை. இந்த ஏரிக்காக நெதர் ஹாம்பிள்டன், மிடில் ஹாம்பிள்டன் என்னும் இரு சிற்றூர்கள் மறைந்தன. மேட்டில் இருந்த அப்பர் ஹாம்பிள்டன் மட்டும் மூன்று பக்கமும் நீர் சூழத் தப்பித்தது. நார்மன்டன் தேவாலயத்தின் கீழ்ப்பாதியைக் கல்லாலும் கான்கிரீட்டாலும் நிரப்பி, மேல்பாதியை நீருக்கு மேல் நிற்கவைத்திருக்கிறார்கள். எல்லோரும் அதைப் படமெடுக்கிறார்கள், நானும் எடுத்தேன். போனது யாருடைய வயல் என்பதை அந்தப் படங்கள் சொல்வதில்லை. இன்னொரு குறை நீரின் தரத்தைப் பற்றியது. சாகுபடி நிலங்களின் ஊடாக ஓடிவரும் ஆறுகளின் நீரைத் தேக்கினால் அதிலுள்ள, பாசிக்கு உரமாகும் பாஸ்பேட்டும் சேர்ந்தே தேங்கும். 1989இல் நச்சுத்தன்மை கொண்ட நீலப்பச்சைப் பாசி இங்கே பெருகி, அந்த நீரைக் குடித்த ஆடுகளும் நாய்களும் இறந்தன. அதன்பிறகுதான் இரும்பு உப்பைக் கலந்து பாஸ்பேட்டைப் படியவைக்கும் முறை வந்தது. புதிய நீர்த்தேக்கங்களுக்கும் சாகுபடி மண்டலத்து நீர்தான் வரப்போகிறது என்பதால், அவற்றின் திட்டங்களில் நான் முதலில் தேடுவது நடைபாதைகளையும் படகுத்துறைகளையும் அல்ல. உள்ளே வரும் நீரை எப்படிச் சுத்தப்படுத்துவார்கள் என்னும் பக்கத்தைத்தான்.

ஃபென்ஸ் திட்டத்துக்கு இன்னொரு நியாயமும் உண்டு. கேம்பிரிட்ஜ் வட்டாரத்தின் குடிநீர் பெரும்பாலும் சுண்ணப்பாறை நிலத்தடி நீரிலிருந்து வருகிறது. அதை அளவுக்கு மீறி எடுப்பதால் அங்குள்ள தெளிந்த ஊற்றோடைகள் மெலிகின்றன. ஏரி கட்டி முடித்தபின் அந்த உறிஞ்சலை உண்மையிலேயே குறைத்தால், பலன் ஏரிக்கரையைத் தாண்டியும் தெரியும். குறைக்காவிட்டால் அது வெறும் கூடுதல் தொட்டிதான். 1992இல் டெர்பிஷயரில் திறக்கப்பட்ட கார்சிங்டனுக்குப் பிறகு இந்நாட்டில் பெரிய நீர்த்தேக்கம் எதுவும் கட்டி முடிக்கப்படவில்லை. ஆகவே அனுபவத்தைக் கடன்வாங்க ரட்லண்ட் போன்ற பழைய இடங்களுக்குத்தான் திட்டமிடுவோர் வரவேண்டியிருக்கிறது.

செல்ல விரும்புவோருக்குச் சில குறிப்புகள். விராலடிப்பான்களுக்காக என்றால் மார்ச் இறுதிக்கும் ஆகஸ்டுக்கும் இடையே லிண்டன் பக்கம் செல்லுங்கள். அதன்பின் அவை மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பிவிடும். வாத்துகளுக்காக என்றால் நவம்பருக்குப் பின் எகில்டன். குடில்களுக்குள் நுழைய அனுமதிச்சீட்டு வேண்டும். ரயிலில் வருவோர் ஓக்கம் நிலையத்தில் இறங்கி எகில்டனுக்கு நடந்தே போய்விடலாம். ஒரே நாளில் இரண்டு பக்கமும் பார்த்துவிட முயலவேண்டாம். நான் முயன்று, கடைசிக் குடிலை எட்டுவதற்குள் இருட்டிவிட்டது.