15 நிமிடப் புதிரும் 43 கேள்விகளும்

இம்முறை ஊரில் இருந்த மூன்று வாரங்களில் மற்ற வேலைகள் எப்படி முடிந்தன என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மனத்தில் நிற்பது அக்காவின் ஒன்பது வயது மகளோடு ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் கழித்த முற்பகல் ஒன்றுதான். ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு, துறுதுறுப்புக் கோளாறு அவளுக்கு இருக்கிறதா என்று பார்க்கப் போயிருந்தோம். டோக்கன் வாங்குவதும் காத்திருப்பதும் பெயர் காதில் விழுந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் உங்களுக்குத் தெரிந்த சடங்குகளே. பல ஆண்டுகள் கழித்து வந்தவள் என்பதால் அவற்றை நான் ரசிக்கக்கூடச் செய்தேன். உள்ளே நடந்ததுதான் இன்னும் செரிக்கவில்லை.

மருத்துவர் அன்பானவர். குழந்தையின் கையில் ஒரு புதிர்ப் பலகையைக் கொடுத்தார், அவள் 15 நிமிடம் தலைநிமிராமல் துண்டுகளைச் சேர்த்து முடித்ததைப் பார்த்துவிட்டு, "இவளுக்கா கவனக்குறைவு? ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளை இந்நேரம் இந்த மேசை மேல் ஏறி நின்றிருக்கும்" என்று சிரித்தார். கோப்பில் "கவனம் நன்று" என்று எழுதிக் கையெழுத்திட்டார். அக்கா கொண்டுவந்திருந்த கணக்கு நோட்டு கடைசிவரை அவள் மடியிலேயே இருந்தது.

அந்த நோட்டைத்தான் அவர் பார்த்திருக்க வேண்டும். முதல் மூன்று கணக்குகள் பிழையில்லாமல் இருக்கும். நான்காவதில் கடன் வாங்கிய எண் பாதி வழியில் காணாமல் போயிருக்கும். ஐந்தாவதில் வினா எண் மட்டும் எழுதி, பக்க ஓரத்தில் ஒரு பறவைக்கு மிகப் பொறுமையாக இறகு வரைந்திருப்பாள். வாய்விட்டுக் கேட்டால் அதே கணக்கை மனத்தாலேயே போட்டுவிடுகிறாள் என்பதால், வீட்டில் அவளுக்குக் கிடைத்த பெயர் சோம்பேறி.

புதிதாக ஒரு பொருள், எதிரே ஒரே ஒரு பெரியவர், சத்தமில்லாத அறை என்று அமைந்துவிட்டால் இந்த வகைக் குழந்தைகள் பலர் நன்றாகவே ஒன்றிவிடுவார்கள் என்பதும், மருத்துவர் அறையில் ஒரு குழந்தை அடங்கி உட்கார்ந்திருப்பது எதற்கும் சான்றாகாது என்பதும் இத்துறையில் பழைய செய்திகள். 1980இலேயே அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு, துறுதுறுப்பு இல்லாத கவனக்குறைவைத் தனியாகக் குறிப்பிட்டுவிட்டது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி, கவனக்குறைவின் ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஆறு, ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் அவை காணப்பட்டு, படிப்பையோ பிறரோடு பழகுவதையோ பாதிக்கவும் வேண்டும். பள்ளியில் நடப்பதைப் பள்ளியைக் கேட்காமல் எப்படி அறிவது? வகுப்பைக் கலைக்கும் பையனைப் பற்றி நான்கு பேர் புகார் சொல்வார்கள். வாய் திறக்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணைப் பற்றி யார் சொல்வார்கள்? பெண் குழந்தைகளுக்கு இது தாமதமாகவே கண்டறியப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நான் வசிக்கும் நாட்டில் என் மகனுக்கு இதே மதிப்பீடு முடிய ஐந்து மாதமாயிற்று; அப்போது நான் திட்டாத ஆளில்லை. ஆனால் அங்கே முதலில் கண்ணையும் காதையும் சோதித்தார்கள். தூக்கத்தைப் பற்றிக் கேட்டார்கள். எழுத்துக்கூட்டிப் படிப்பதில் தனிச் சிக்கல் உண்டா, மனப்பதற்றமா, சில நொடிகள் வெறித்துப் பார்த்து நின்றுவிடும் வலிப்பு வகையா என்று ஒவ்வொன்றாக விலக்கினார்கள். ஏ.டி.எச்.டி.யை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனையோ மூளைப் படமோ கிடையாது என்பதால், இப்படிப் பல வாய்களிலிருந்து செய்தி திரட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஊரில் அக்கா மகளை இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் அதிகம் பேசவில்லை. வேண்டர்பில்ட் மதிப்பீட்டுப் படிவங்களைக் கொடுத்து அனுப்பினார். பெற்றோருக்கு 55 கேள்விகள், ஆசிரியருக்கு 43. வகுப்பில் அத்தனை பிள்ளைகளை வைத்துக்கொண்டு எந்த ஆசிரியை இதை நிரப்பப்போகிறார் என்று நான் சொன்னதை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மறுநாள் மாலையே படிவம் வந்தது. அறிகுறிக் கேள்விகளுக்கு 0 (ஒருபோதும் இல்லை) முதல் 3 (மிக அடிக்கடி) வரை வட்டமிட்டால் போதும் என்றிருந்தும், பென்சிலால் ஓரமெல்லாம் எழுதியிருந்தார்: "பெயர் சொல்லி அழைத்தால் உடனே திரும்புகிறாள், ஆனால் கேட்டது என்ன என்று தெரிவதில்லை", "மூன்று வேலைகளைச் சேர்த்துச் சொன்னால் முதலாவதை மட்டும் செய்கிறாள்", "முதல் வகுப்பு ஆசிரியையும் இதையே சொன்னார்". எங்கள் காலத்தில் இப்படி உட்கார்ந்திருந்தவர்கள் மேல் சாக்பீஸ்தான் பறந்து வந்தது, நானும் வாங்கியிருக்கிறேன்.

ஆசிரியையின் படிவத்தில், கவனக்குறைவைப் பற்றிய முதல் ஒன்பது கேள்விகளில் ஏழுக்கு 2 அல்லது 3 விழுந்திருந்தது. அக்காவின் படிவத்தில் ஆறு. அடுத்துவரும் துறுதுறுப்புக் கேள்விகளில் ஆசிரியை ஒன்றே ஒன்றுக்குத்தான் 2 போட்டிருந்தார். படிவம் மட்டும் தீர்ப்பாகாது என்று சொல்லி, செவித்திறன் சோதனைக்கும் வாசிப்புத் திறன் சோதனைக்கும் மருத்துவர் நாள் குறித்துக் கொடுத்தார். அந்த நாள் வருமுன்னே என் விமானம் புறப்பட்டுவிட்டது.

கிளம்புவதற்கு முன் முதல் மருத்துவமனைக்கு மட்டும் ஒருமுறை போய், ஆசிரியை எழுதியதன் நகலைக் கோப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். வெளியார் தாளைச் சேர்க்க மருத்துவரின் ஒப்புதல் வேண்டுமாம். மருத்துவர் விடுப்பில் இருந்தார். "கவனம் நன்று" அங்கே அப்படியே இருக்கிறது.