0–2 என்று பின்தங்கிய அணி எதை முதலில் மாற்ற வேண்டும்?

ஜூன் மாதத்தில் அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் இறுதித் தொடர் நமக்குக் காலை ஐந்தரை, ஆறு மணிக்கு நேரலையில் வரும். முதலில் நான்கு ஆட்டம் வெல்பவருக்கே தொடர். அன்று மாலை சேலத்தில் அஸ்தம்பட்டிப் பக்கமோ ஃபேர்லேண்ட்ஸ் பக்கமோ பந்தோடு நாலு பேர் கூடினால் பேச்சு அதைப் பற்றித்தான். தோற்றுக்கொண்டிருக்கும் அணி அடுத்த ஆட்டத்தில் எதை மாற்றணும்? ஒருவர் கூடைக்கு அருகே ஆடும் உயரமான ஆளை, அதாவது சென்டரை, உட்கார வைக்கச் சொல்வார், இன்னொருவர் ஸோன் (ஆளைப் பிடிக்காமல் ஆளுக்கொரு இடத்தைக் காக்கும் தடுப்பு) போடச் சொல்வார். "அண்ணா, அவங்க ஸ்டாரை யார் மார்க் பண்றாங்கன்னு முதல்ல பாருங்க" என்பான் ஒரு தம்பி. மூன்றுமே பெரிய தொடர்களில் பலித்த வழிகள்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் கொடுக்க வேண்டிய விலை வேறு. நான் அந்தத் தம்பியின் கட்சி.

அதற்கு முன்னால் ஒன்று பார்த்துவிட வேண்டும். யாரும் மறிக்காத த்ரீ பாயிண்ட் ஷாட்டுகள் உள்ளே போகாமல் தோற்றோமா, அல்லது நல்ல ஷாட்டே கிடைக்காமல் தோற்றோமா? முதலாவது என்றால் எதையும் தொடாமல் அதே ஆட்டத்தை ஆடுவதுதான் சரி. பதற்றத்தில் நன்றாக ஓடும் அமைப்பைக் கலைத்துப் போடும் அணிகளைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

சரி, கோளாறு உண்மையானது என்று வைத்துக்கொள்வோம். 2019 கிழக்குப் பிரிவு இறுதியில் டொராண்டோ ராப்டர்ஸ் மில்வாக்கியிடம் முதல் இரண்டு ஆட்டத்தையும் விட்டது. இரண்டாவதில் 125–103 என்று நல்ல அடி. மூன்றாவது ஆட்டத்தில் பயிற்சியாளர் நிக் நர்ஸ் செய்த பெரிய மாற்றம், மில்வாக்கியின் ஸ்டார் யானிஸ் அன்டெடோகும்போவைப் பிடிக்கும் வேலையைப் பாஸ்கல் சியாகமிடமிருந்து வாங்கி கவாய் லெனர்டிடம் கொடுத்ததுதான். பின்னால் நின்றவர்கள் கூடைக்குப் போகும் பாதையை நெருக்கி அடைத்தார்கள். யானிஸ் 16 முறை எறிந்து 5 மட்டும் போட்டு, 12 புள்ளியோடு நின்றார். இரண்டு கூடுதல் நேரம் போய் டொராண்டோ 118–112 என்று வென்றது. அடுத்த மூன்று ஆட்டமும் அவர்களுக்கே.

இந்த வழியின் அருமை என்னவென்றால், புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஐந்து பேரும் அதே ஐந்து பேர், தாக்குதலும் அதேதான். இரண்டு ஆட்டத்துக்கு நடுவில் ஒரே நாள் இருக்கும்போது இதைவிடப் பெரிய வசதி கிடையாது. ஆனால் விலை முழுவதும் ஒருவர் உடம்பில் விழுகிறது. அன்று கவாய் 52 நிமிடம் ஆடி 36 புள்ளியும் எடுத்தார். குளிரூட்டிய அரங்கில் அவரால் முடிந்தது. மே மாத வெயிலில் சேலத்து சிமெண்ட் தரையில் நம்ம பிள்ளை ஒருவனிடம் அதைக் கேட்பது நியாயமில்லை. அவனுக்குத் தாக்குதலில் வேலையைக் குறைத்துக் கொடுக்க வேண்டும், அல்லது இரண்டு பேர் மாறி மாறி அந்த ஸ்டாரைப் பிடிக்க வேண்டும்.

சென்டரை உட்கார வைப்பது இதைவிடத் துணிச்சலான வேலை. 2015 இறுதித் தொடரில் கோல்டன் ஸ்டேட் கிளீவ்லாந்திடம் 1–2 என்று பின்தங்கி நின்றது. நான்காவது ஆட்டத்தில் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர் உயரமான சென்டர் ஆண்ட்ரூ போகட்டை வெளியே வைத்து, அந்தப் பருவத்தில் ஒரு ஆட்டத்தையும் முதல் ஐவரில் தொடங்காத ஆண்ட்ரே இகுடாலாவை இறக்கினார். டிரேமண்ட் கிரீன் சென்டர் இடத்துக்குப் போனார். முடிவு 103–82. ஆனால் அதே ஆட்டத்தில் கிளீவ்லாந்தின் ஏழடி மோஸ்கோவ் 28 புள்ளி எடுத்தார் என்பதை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். கூடைக்கு அடியில் உயரத்தை விட்டுக்கொடுத்தால் அதற்கான விலை அது. கெர் அதைத் தாங்கிக்கொண்டார், ஏனென்றால் மறுபக்கம் வேகத்திலும் வெளியிலிருந்து எறிவதிலும் அதைவிட அதிகம் கிடைத்தது. அடுத்த ஆட்டத்தில் கிளீவ்லாந்தே சிறிய அணிக்கு மாறி மோஸ்கோவை 9 நிமிடம்தான் ஆடவிட்டது. எதிரி தன் பலத்தைத் தானே உட்கார வைக்கும்படி செய்ததுதான் அந்த மாற்றத்தின் உண்மையான வெற்றி என்பேன். தொடர் 4–2 என்று முடிந்தது. இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருதும் இகுடாலாவுக்கே போனது. 2011இல் டல்லாஸ், நான்காவது ஆட்டத்தில் குட்டையான பரேயாவை முதல் ஐவரில் இறக்கி மயாமியைத் திருப்பியதும் இதே வகைதான்.

உள்ளூர் அணிக்கு இதில் ஒரு நிபந்தனை உண்டு. வெளியே நின்று நம்பி எறியக்கூடியவர்கள் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். இல்லையென்றால் ரீபவுண்டையும் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தை) இழந்து, வேகத்தாலும் பயன் கிடைக்காது.

ஸோனைப் பற்றி இங்கே நிறையப் பேருக்கு மிகை நம்பிக்கை இருக்கிறது. அதற்குக் காரணமும் இருக்கிறது. என்பிஏவில் யாரையும் பிடிக்காமல் கூடைக்கு அடியில் மூன்று நொடிக்கு மேல் தடுப்பாளர் நிற்கக்கூடாது. நாம் ஆடும் ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்து அமைப்பு) விதியில் அந்தத் தடை இல்லை, சென்டர் அங்கேயே காவலுக்கு நிற்கலாம். திறந்தவெளி ஆடுகளத்தில் காற்று அடித்தால் 6.75 மீட்டர் த்ரீ பாயிண்ட் கோட்டிலிருந்து எறிவதும் எளிதில்லை. ஆகவே ஸோன் இங்கே கூடுதலாகப் பலிக்கும் என்பது உண்மைதான்.

ஆனால் அதன் ஆயுள் குறைவு. 2019 இறுதித் தொடரின் இரண்டாவது ஆட்டத்தில் நர்ஸ் நால்வரை ஸோனில் நிறுத்தி, ஒருவரை கோல்டன் ஸ்டேட்டின் ஸ்டீபன் கரியோடு ஒட்டவிட்டார். கடைசி ஐந்து நிமிடத்துக்கு மேல் கோல்டன் ஸ்டேட்டுக்குப் புள்ளியே வரவில்லை. ஆனால் 5.9 நொடி மிச்சமிருக்கும்போது யாரும் கவனிக்காமல் விடப்பட்ட இகுடாலா ஒரு த்ரீ போட்டு 109–104 என்று முடித்தார். நடுவில், ஃப்ரீ த்ரோ கோட்டருகே, பந்தை வாங்கி மூலைக்குத் தள்ளத் தெரிந்த ஒருவன் எதிரணியில் இருந்தால் போதும், ஸோன் கலைந்துவிடும். பாக்ஸ் அவுட் செய்ய (எதிராளியை முதுகால் மறித்து நிற்க) தனித்தனி ஆள் இல்லாததால் ரீபவுண்டும் நழுவும். டைம் அவுட் முடிந்து வரும் நாலைந்து தாக்குதலுக்கு மட்டும் ஸோன் போட்டு, எதிரணி பிடி கண்டுபிடிக்கும் முன் ஆளுக்கு ஆள் பிடிக்கும் மேன் டு மேனுக்குத் திரும்பிவிடலாம். அதற்கு மேல் அதை நம்பி ஒரு தொடரைக் கொடுக்க மாட்டேன்.

அப்புறம், இவை மூன்றையும் ஒரே ஆட்டத்தில் மாற்றாதீர்கள். எது பலித்தது, எது கெடுத்தது என்று பிரித்தறிய முடியாமல் போனால் அடுத்த ஆட்டத்துக்கு எதை வைத்துத் திட்டம் போடுவது? முதலில் பிடிக்கும் ஆளை மாற்றுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மூன்றாவது குவார்ட்டர் தொடக்கத்தில் சென்டரை உட்கார வைத்துப் பாருங்கள்.