லண்டன் மாளிகைகளின் உரிமையாளரைக் காட்டும் பதிவேடு: பாதி வெளிச்சம்

பிரிட்டனின் நிறுவனப் பதிவு அலுவலகமான கம்பெனீஸ் ஹவுஸ் 2022 ஆகஸ்ட் 1 முதல் நடத்திவரும், அந்நாட்டில் வீடோ நிலமோ வைத்திருக்கும் வெளிநாட்டு நிறுவனங்களின் பதிவேட்டை எவரும் இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். விலையுயர்ந்த வீட்டை நேரடியாக வாங்காமல், அதை வைத்திருக்கும் வெளிநாட்டு நிறுவனத்தின் பங்குகளை வாங்கினால் வீட்டுக்கான முத்திரை வரி எழாது என்ற பழைய உத்தியை, 2012இல் 20 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட வீடுகளை நிறுவனங்கள் வாங்குவதற்கு 15 சதவீத வரி விதித்தும், 2013இல் அத்தகைய வீடுகளுக்கு ஆண்டு வரி கொண்டுவந்தும் அரசு நெருக்கியது. ஆயினும் நிறுவனத்தின் பின்னால் இருப்பவர் யார் என்பது அதன்பிறகும் பல ஆண்டுகள் மறைந்தே இருந்தது.

இப்பதிவேட்டில் நிறுவனத்தின் பெயரை இட்டுத் தேடினால், பதிவான உண்மை உரிமையாளரின் பெயரும் குடியுரிமையும் கிடைக்கின்றன. பக்கம் எளிமையானது, செய்தியாளருக்கு மிகவும் பயன்படக்கூடியது. வீட்டு முகவரியைக் கொண்டு தேட வழியில்லை என்பதுதான் பெரும் எரிச்சல்: முதலில் நிலப் பதிவகத்தின் ஆவணங்களில் நிறுவனப் பெயரைக் கண்டறிந்து, அதனுடன் இங்கு வர வேண்டும். அதைவிடப் பெரிய ஓட்டை, உரிமை டிரஸ்ட் வழியாக, அதாவது ஒருவர் பிறரின் பயனுக்காகச் சொத்தை வைத்திருக்கும் ஏற்பாட்டின் வழியாக, சென்றால் பயனாளிகளின் பெயர் தேடல் பக்கத்தில் காட்டப்படாததே. செல்வந்தர்களின் ஆலோசகர்களுக்கு டிரஸ்ட் ஏன் அத்தனை பிடிக்கிறது என்று இனி எவரும் வியக்க வேண்டியதில்லை.