மலையிறக்கத்துக்கு எந்த எஸ்யூவி: கயெனா, எக்ஸ்5-ஆ, எக்ஸ்சி90-யா?

கோத்தகிரியில் இருந்துகொண்டு செகண்ட் ஹேண்ட் போர்ஷே வாங்கியதும் எல்லாரும் கேட்டது மைலேஜ், அப்புறம் ஸ்பேர் விலை. பாதுகாப்பைப் பற்றிக் கேட்ட ஒன்றிரண்டு பேரும் எத்தனை ஸ்டார் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். நான் அலசிய மூன்றுக்கும், அதாவது போர்ஷே கயென், பிஎம்டபிள்யூ எக்ஸ்5, வால்வோ எக்ஸ்சி90, வண்டிகளை மோதவிட்டுச் சோதிக்கிற ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப்பில் ஐந்து ஸ்டார்தான். வேகத்திலும் மூன்றையும் குறை சொல்ல முடியாது, அதனால் அந்தப் பேச்சு வேண்டாம்.

ஸ்டாருக்குக் கீழே இருக்கும் மதிப்பெண்ணைப் பார்த்தால் வால்வோதான் முந்துகிறது. 2015 சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 97 சதவீதம், ஓட்டுநருக்கு உதவும் கருவிகளுக்கு 100. 2017-இல் கயெனுக்கு 95, 57. 2018-இல் எக்ஸ்5-க்கு 89, 75. ஆனால் யூரோ என்கேப் வருஷத்துக்கு வருஷம் விதிகளை இறுக்கிக்கொண்டே போவதால் வெவ்வேறு வருஷத்து எண்களை அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது; 2020-இல் நேர்மோதல் சோதனையையே மாற்றிவிட்டார்கள். தவிர, சோதனைக்குப் போனது ஐரோப்பிய வண்டி. அதில் இருந்த தானியங்கி பிரேக் நாம் பார்க்கிற வண்டியிலும் இருக்கிறதா என்று அந்த வேரியன்ட்டை வைத்துத்தான் சரிபார்க்க வேண்டும். கயெனின் அந்த 57-ஐ நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மாதத்துக்கு நாலு தரம் பெங்களூரு நெடுஞ்சாலையில் ஓடுகிறவராக இருந்தால் எனக்கும் அது உறுத்தியிருக்கும்.

ஆனால் என் ஓட்டம் பெரும்பாலும் மேட்டுப்பாளையம் இறக்கம். முடிவைத் தீர்மானித்தது பிரேக்தான்.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் போகும்போது 1,400 மீட்டருக்கு மேல் கீழே இறங்குகிறோம். இந்த வண்டிகள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ரெண்டு டன். அந்த எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படுகிற ஆற்றல், 80 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். இன்ஜினும் காற்றும் தாங்கியது போக மீதி முழுக்கச் சக்கரத்தின் பிரேக் டிஸ்க்கில்தான் வெப்பமாக இறங்கும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவில் வெளியூர் வண்டிகளைக் கீழே இறங்க விடாததும் சும்மா இல்லை.

அதனால் ஸ்டாரை விட்டுவிட்டு ரீகால் (கோளாறைச் சரிசெய்ய கம்பெனியே வண்டிகளைத் திரும்ப அழைப்பது) வரலாற்றைத் தேடினேன், அதிலும் பிரேக் சம்பந்தப்பட்டதை மட்டும். மூன்று கம்பெனிக்கும் அதில் ஒரு கதை இருக்கிறது.

எக்ஸ்5: கான்டினென்டல் தயாரித்துக் கொடுத்த பிரேக் அமைப்பில் கோளாறு என்று 2024 செப்டம்பரில் பிஎம்டபிள்யூ உலகம் முழுக்க 15 லட்சம் வண்டிகள் பாதிக்கப்படும் என்று அறிவித்தது. 2023-இலிருந்து வந்த சில எக்ஸ்5-களும் அதில் உண்டு. கோளாறு வந்தால் பிரேக் அறவே போய்விடாது, பவர் உதவி போய் மிதி கல்லாகிவிடும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற ஏபிஎஸ்ஸும் கைவிடலாம். சமவெளியில் ஓரம் கட்டிவிடலாம். குன்னூர் சாலையின் பர்லியார் வளைவில் முன்னால் பஸ் போய்க்கொண்டிருக்கும்போது அப்படி நடந்தால்?

வால்வோ: 2025-இல் வந்த ரீகால் மலைக்காரர்களுக்கென்றே எழுதியது போல இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட சாப்ட்வேர் ஏறிய பிளக்-இன் ஹைப்ரிட்களில் (பிளக்கில் சார்ஜ் ஏற்றுகிற, பெட்ரோலிலும் மின்சாரத்திலும் ஓடுகிற வண்டிகள்), மோட்டாரே வண்டியைப் பிடித்து வேகத்தைக் குறைக்கிற பி மோடில் ஆக்சிலரேட்டரையோ பிரேக்கையோ தொடாமல் 1 நிமிடம் 40 வினாடிக்கு மேல் இறக்கத்தில் உருண்டால் பிரேக் மொத்தமாகப் போய்விடக்கூடும். எக்ஸ்சி90-யும் பட்டியலில் இருக்கிறது. சாதா பெட்ரோல் எக்ஸ்சி90-க்கு இந்தச் சிக்கல் இல்லை, நான் ஓட்டிப் பார்த்ததும் அதைத்தான். ஆனால் அந்த 2 லிட்டர் இன்ஜின் செகண்ட் கியரில் எனக்கு வேண்டிய அளவுக்கு வண்டியைப் பிடித்து நிறுத்தவில்லை, கால் அடிக்கடி பிரேக்குக்குப் போனது.

கயென்: 2016-இல் சுமார் 4 லட்சம் வண்டிகளை அழைத்தார்கள். பிரேக் மிதியைத் தாங்குகிற இடத்தில் ஒரு சின்ன லாக் வளையம் கழன்றுவிடலாம் என்பது காரணம். 2011 முதல் 2016 வரையிலான மாடல்கள். அது குனிந்து டார்ச் அடித்தால் கண்ணுக்குத் தெரிகிற பாகம், மெக்கானிக் கையால் தொட்டுப் பார்த்துச் சரி என்று சொல்லிவிடலாம். நான் வாங்கியது அதற்கு அடுத்த தலைமுறை, 2019 வண்டி. இதற்கும் வேறு ரீகால்கள் உண்டு. சேஸிஸ் நம்பரின் 17 எழுத்தையும் அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டரில் கொடுத்து, நிலுவை எதுவும் இல்லை என்று எழுத்தில் வாங்கிய பிறகுதான் அட்வான்ஸ் கொடுத்தேன். எக்ஸ்5 விற்க வந்தவரிடம் இதே தாளைக் கேட்டதற்கு அவர் பேச்சை மாற்றினார். அங்கேயே எழுந்துவிட்டேன்.

தாளோடு நின்றுவிடவும் கூடாது. மேட்டுப்பாளையத்தில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் சொன்னது, "கிலோமீட்டரைப் பாக்காதீங்கண்ணா, டிஸ்க்கைப் பாருங்க." டிஸ்க்கின் விளிம்பில் நகத்தை வைத்து இழுத்தால் தேய்மானம் ஒரு படியாகத் தட்டுப்படும். குறைந்தபட்ச தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், அளந்து ஒப்பிடலாம். மேற்பரப்பில் நீலம் பாரித்திருந்தால் யாரோ மலையில் பிரேக்கை மிதித்தே இறக்கியிருக்கிறார்கள். அடுத்தது பிரேக் ஆயில். டாட் 4 என்ற தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் அது 155-க்குக்கூட இறங்கிவிடும். நம் ஊர் ஈரத்தைச் சொல்ல வேண்டியதில்லை. ஆயில் கொதித்துக் குமிழி வந்தால் மிதி பஞ்சு மாதிரி உள்ளே போகும், எந்தப் பெரிய பிராண்டாக இருந்தாலும் சரி. நான் வாங்கிய வண்டியில் ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றிய பதிவு சர்வீஸ் வரலாற்றில் இருந்தது. விலை பேசும்போது எனக்கு அது சன்ரூஃபைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

கயெனில் மேனுவல் மோடில் செகண்டில் போட்டுவிட்டால் 3 லிட்டர் வி6 நன்றாகவே பிடிக்கிறது. வளைவுக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் பிரேக், அவ்வளவுதான். கீழே இறங்கிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் போனால் பிரேக் பேட் கருகிய வாடை இல்லை. இன்னும் ஒரு முழு வடகிழக்குப் பருவமழையை இந்த வண்டியில் பார்க்கவில்லை, மழையில் எப்படி என்று அதற்குப் பிறகுதான் உறுதியாகச் சொல்வேன். டிஸ்க் மாற்றுகிற செலவும் எனக்கு இன்னும் வரவில்லை, அது கடிக்கும் என்றே எதிர்பார்க்கிறேன்.

ரீகால் வேலை முடிந்த தாளோடு எக்ஸ்5 கிடைத்தால் தயங்காமல் பாருங்கள், அதன் ஆறு சிலிண்டர் இன்ஜினும் இறக்கத்துக்கு நல்லதுதான். வீட்டில் எல்லாரும் போவது நெடுஞ்சாலையில்தான் அதிகம் என்றால் பெட்ரோல் எக்ஸ்சி90. பிளக்-இன் வால்வோவாக இருந்தால் சாப்ட்வேர் அப்டேட் ஆனதற்கான பதிவை முதலில் கேளுங்கள், அதைக் கண்ணால் பார்க்கும்வரை டெஸ்ட் டிரைவுக்குக்கூட பி மோடில் மலை இறங்க வேண்டாம்.