ரீமேப் செய்த டீசல் டிரக், 1,12,000 கிலோமீட்டரில் உருகிய பிஸ்டன், ஐந்து மாத வாரண்டி இழுபறி

வண்டி புதிதாக எடுத்து ஐந்தரை ஆண்டு ஆகிறது. ஓடியது 1,61,000 கிலோமீட்டர். ஆறு சிலிண்டர் டீசல் பிக்கப், பாதி நாள் பின்னால் டிரெய்லரோடுதான் ஓடும். இன்ஜின் வாரண்டி 5 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று கொடுத்திருந்தார்கள். நடுவில் இன்ஜின் போனது, வாரண்டியை மறுத்தார்கள், ஐந்து மாதம் அலைந்தேன். மாடிஃபை செய்த டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் இதில் எங்கே வழுக்குகிறோம் என்று இப்போது தெரிகிறது, அதனால் எழுதுகிறேன். கம்பெனி பெயரும் ட்யூனர் பெயரும் சொல்லப் போவதில்லை, கேட்காதீர்கள்.

என்ன மாற்றினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 38,000 கிலோமீட்டரில் கையடக்க ட்யூனர் ஒன்று வாங்கி ரீமேப் போட்டேன், அதாவது இன்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றி எழுதினேன், லோடு இழுப்பதற்கான மிதமான ஃபைல். ஏர் இன்டேக் மாற்றினேன். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் டர்போவுக்கு முன்னால் வெப்பமானி ஒன்று பொருத்தினேன். டி.பி.எஃப். (புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி), இ.ஜி.ஆர். (எக்ஸாஸ்ட் வாயுவில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பும் அமைப்பு) இரண்டையும் தொடவில்லை. மூன்று வருட அனுபவத்தில் சொல்கிறேன், இதில் உருப்படியானது அந்த வெப்பமானி ஒன்றுதான். ரீமேப்பால் இழுவை நன்றாகவே கூடியது, மேட்டில் கியர் இறங்காமல் ஏறியது, அதை மறுக்க மாட்டேன். இன்டேக்கால் சத்தம் மட்டும்தான் கூடியது.

1,12,000 கிலோமீட்டரில், டிரெய்லரோடு ஒரு நீண்ட ஏற்றத்தில், திடீரென்று இழுவை குறைந்தது, அடுத்த நிமிடமே டக் டக் என்று சத்தம், பின்னால் வெள்ளைப் புகை. ஓரங்கட்டி ஆயில் மூடியைத் திறந்தால் பேக் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டரிலிருந்து கீழே கசியும் வாயு, மூச்சு விடுவது போல அடிக்கிறது. உள்ளே பிஸ்டன் போய்விட்டது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

பெரிய தவறை அங்கேதான் செய்தேன். இழுவை வண்டி வருவதற்குள் ட்யூனரை மாட்டி, இன்ஜின் கணினியான இ.சி.யூ.-வில் பழைய கம்பெனி ஃபைலையே திரும்ப எழுதிவிட்டு, ட்யூனரைக் கழற்றி பைக்குள் வைத்துவிட்டேன். "ஸ்டாக் பண்ணிட்டுப் போ, யாராலும் கண்டுபிடிக்க முடியாது" என்று ட்யூனர் விற்றவரும் சொல்லியிருந்தார், தெரிந்தவர்களும் சொல்லியிருந்தார்கள். சர்வீஸில் அட்வைசர் மரியாதையாகத்தான் கேட்டார். "சார், இதுல ட்யூனிங் ஏதாவது பண்ணியிருக்கீங்களா?" "இல்லை" என்றேன். ஜாப் கார்டில் அப்படியே எழுதிக்கொண்டார்.

மூன்றாம் நாள் கூப்பிட்டு ஒரு பிரிண்ட்அவுட்டை மேசையில் வைத்தார்கள். இ.சி.யூ.-வில் இதுவரை 7 முறை மென்பொருள் எழுதப்பட்டிருக்கிறது, அதில் ஒன்று கூட டீலர் பதிவில் இல்லை. கடைசியாக எழுதிய பிறகு இக்னிஷன் போட்டது மூன்றே முறை. அந்த வரிக்குக் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தார்கள். வண்டி நின்ற பிறகு எழுதியிருக்கிறேன் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. அன்று மாலையே மின்னஞ்சல் வந்தது, இன்ஜின் தொடர்பான வாரண்டி முழுவதும் ரத்து என்று. சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட்டைக் கூட அவர்கள் கழற்றியிருக்கவில்லை.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் இன்னமும் நிறைய பேர் ஸ்டாக் பண்ணிவிட்டால் தடயம் இருக்காது என்று நம்புகிறார்கள். இ.சி.யூ.-வில் இருக்கும் கேலிபிரேஷனுக்கு, அதாவது அந்த ஃபைலில் உள்ள மதிப்புகளின் தொகுப்புக்கு, ஒரு அடையாள எண் உண்டு, அதோடு சி.வி.என். என்று ஒரு சரிபார்ப்பு எண்ணும் உண்டு. ஃபைலில் ஒரு சின்ன மதிப்பை மாற்றினாலும் அந்த சி.வி.என். மாறிவிடும், சாதாரண ஸ்கேனரிலேயே படிக்கலாம். பழைய ஃபைலைத் திரும்பப் போட்டால் எண் சரியாகிவிடும், ஆனால் எத்தனை முறை எழுதினோம் என்ற கணக்கு பல வண்டிகளில் அழியாமல் தனியாக நிற்கும். போதாததற்கு, புதிதாக எழுதியதும் புகைக் கட்டுப்பாட்டுக்கான சுயசோதனைகள் எல்லாம் "முடியவில்லை" என்று ஆரம்ப நிலைக்குப் போய்விடும். 1,12,000 ஓடிய வண்டியில் ஒரு சோதனை கூட முடியவில்லை என்றால் பார்க்கிற டெக்னீஷியனுக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா?

இரண்டு நாள் தூக்கமில்லை. அப்புறம் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். ரீமேப் போட்டது உண்மை, இன்ன தேதியில், இன்ன ஃபைல், முதலில் இல்லை என்று சொன்னது தவறு. ஆனால் பிஸ்டன் எதனால் போனது என்று யாரும் இன்னும் பார்க்கவில்லை, பார்க்காமல் மறுக்கக் கூடாது. பிரித்துப் பார்ப்பதற்கு ஒப்புதல் தருகிறேன், மறுப்பு நியாயம் என்று வந்தால் பிரித்த கூலியை நானே தருகிறேன், ஆனால் நான் கூட இருக்க வேண்டும், ஆறு பிஸ்டனையும் படம் எடுக்க வேண்டும், டீசல் தெளிக்கும் ஆறு இன்ஜெக்டரையும் எந்த சிலிண்டர் என்று டேக் கட்டி என்னிடம் தர வேண்டும். கடைசிக் கோரிக்கைதான் முக்கியம். கழற்றிய பாகங்கள் ஒரே டப்பாவுக்குள் போய்விட்டால், எது எந்த சிலிண்டரில் இருந்தது என்று அதற்குப் பிறகு கடவுளாலும் சொல்ல முடியாது.

மூன்று வாரம் கழித்துப் பிரித்தார்கள். ஹெட்டைத் தூக்கியதும் நான்காம் சிலிண்டரில் பிஸ்டன் தலையின் ஒரு ஓரம் கரையான் அரித்த மரம் மாதிரி இருந்தது, விரலை விட்டால் ரிங் வரை போகும். லைனரில் மேலிருந்து கீழ்வரை நேர்க்கோடுகளாகக் கீறல். பக்கத்தில் மூன்றையும் ஐந்தையும் பார்த்தால் லைனரில் தொழிற்சாலையில் போட்ட குறுக்குக் கோடுகள் கூட அழியவில்லை, பிஸ்டன் தலையில் எப்போதும் படியும் கரி, அவ்வளவுதான். மற்ற மூன்றும் அப்படியே. அங்கே நின்ற மெக்கானிக் ஒருவர், வயதானவர், குனிந்து பார்த்துவிட்டு மெதுவாக, "இது நாசில் ஒழுகுன கேஸ் மாதிரி இருக்கே" என்றார். அவர் யாருக்கும் சாதகமாகச் சொல்லவில்லை, கண்ணில் பட்டதைச் சொன்னார். எனக்கு உயிர் வந்தது.

காரணம் இதுதான். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் இன்ஜினில் இன்ஜெக்டருக்குப் பின்னால் 2000 பார் அளவில் அழுத்தம் காத்திருக்கிறது. இன்ஜெக்டர் நுனியான நாசிலின் ஊசி முழுக்க அடையாவிட்டால், தெளித்து முடித்த பிறகும் டீசல் சொட்டும். அந்தச் சொட்டு பனியாகப் பிரியாது, பிஸ்டன் தலையிலேயே ஒரே இடத்தில் விழுந்து எரியும், லைனரில் இருக்கும் ஆயில் படலத்தையும் கழுவிவிடும். சுத்த அலுமினியம் உருகுவது 660 டிகிரி செல்சியஸில், பிஸ்டன் செய்யும் சிலிக்கான் கலவை அதற்கும் முன்னாலேயே உருகத் தொடங்கும். எக்ஸாஸ்ட் வெப்பம் 700-ஐ ஒட்டிப் போனாலும் பிஸ்டன் பிழைப்பது கீழே இருந்து ஆயில் பீய்ச்சிக் குளிர வைப்பதால்தான். ஒரே புள்ளியில் நெருப்பு நின்றால் அந்தக் குளிர்ச்சி எட்டாது.

ரீமேப் மட்டும் காரணம் என்றால் கூடுதல் டீசல் ஆறு சிலிண்டருக்கும் போயிருக்கும், பொதுவாக ஒன்றுக்கு மேற்பட்ட பிஸ்டனில் அடையாளம் தெரியும், பிஸ்டன் தலையில் இருக்கும் குழியின் விளிம்பில் விரிசல் இருக்கும், இல்லையென்றால் ஹெட் கேஸ்கெட் அழுத்தம் தாங்காமல் கிழிந்திருக்கும். கட்டாயம் அப்படித்தான் என்றும் சொல்ல முடியாது. சில இன்ஜின்களில் ஒரு சிலிண்டர் மற்றதைவிடச் சூடாக ஓடும், அது முதலில் போகலாம். கம்பெனி ஆள் அதைத்தான் பிடித்துக்கொண்டார். இன்னொன்றும் சொன்னார், உங்கள் ரீமேப்தான் நாசிலையே கெடுத்தது என்று. நியாயமான வாதம்தான், தள்ளிவிட முடியாது.

இன்ஜெக்டர்களை எடுத்துக்கொண்டு தனியாக பம்ப், நாசில் வேலை மட்டும் செய்யும் ஒரு பட்டறைக்குப் போனேன். டெஸ்ட் பெஞ்சில் ஒவ்வொன்றாக மாட்டி ரிட்டர்ன் (திரும்பி வரும் டீசல்) அளவையும், மூடிய நிலையில் ஒழுக்கையும் பார்த்தார்கள். ஐந்து சரியாக இருந்தன. நான்காவது, சிக்னலே கொடுக்காமல் அழுத்தம் ஏற்றும்போதே நுனியில் சொட்டுக் கட்டியது. கண்ணால் பார்த்தேன். எழுத்தில் ரிப்போர்ட் வாங்கினேன்.

உண்மையில் திருப்பம் தந்தது வேறு இரண்டு காகிதங்கள். ஒன்று, 1,04,000 கிலோமீட்டரில் அதே டீலரிடம் விட்டபோது போட்ட ஜாப் கார்டு. காலையில் ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகையும் பச்சை டீசல் வாடையும் வருகிறது என்று நான் சொன்னதை எழுதி, "பிழைக் கோடு (error code) எதுவும் இல்லை, பார்க்கப்பட்டது" என்று முடித்திருந்தார்கள். இன்ஜின் போவதற்கு 8,000 கிலோமீட்டர் முன்னாலேயே நான் புகார் சொல்லியிருக்கிறேன், அவர்கள் இன்ஜெக்டரைச் சோதிக்கவில்லை. இரண்டு, வாரண்டியை மறுக்க அவர்களே காட்டிய அந்தப் பிரிண்ட்அவுட். அதன் இரண்டாம் பக்கத்தில் இ.சி.யூ. பதிந்து வைத்திருந்த அதிகபட்ச ரெயில் அழுத்தம் இருந்தது. கம்பெனி வரம்புக்குள்தான் இருந்தது, ஏனென்றால் என் ஃபைல் டீசல் தெளிக்கும் நேரத்தையும் பூஸ்டையும் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) தான் கூட்டியது, ரெயில் அழுத்தத்தைத் தொடவில்லை. ட்யூனரில் பதிவாகியிருந்த என் லாகை முதலில் காட்டியபோது "உங்கள் கருவியின் கணக்கை ஏற்க முடியாது" என்றார்கள். இது அவர்களுடைய கணக்கு.

முடிவு பாதிதான். இன்ஜெக்டர்கள், பிஸ்டன், லைனர், ரிங், கேஸ்கெட் எல்லாம் கம்பெனி கொடுத்தது, கூலி முழுவதும் என்னுடையது. கடிதத்தில் "நல்லெண்ண அடிப்படையில்" என்றுதான் போட்டார்கள், தவறை ஒப்புக்கொள்ளவில்லை. மீதிக் காலத்துக்கு இன்ஜின் வாரண்டி கிடையாது என்றும் சேர்த்துக் கையெழுத்து வாங்கினார்கள். போட்டுக் கொடுத்தேன். முதல் நாளே உண்மையைச் சொல்லியிருந்தால் கூலியும் கிடைத்திருக்கும் என்று நான் நம்புகிறேன். கடைசிக் கூட்டத்தில் கூட நான் "இல்லை" என்று சொன்ன அந்த ஜாப் கார்டை முன்னால் வைத்துக்கொண்டுதான் பேசினார்கள்.

இந்த ஐந்து மாதமும் என்னிடம் எல்லோரும் ஒப்பித்தது அமெரிக்காவில் 1975-ல் வந்த மேக்னசன்-மாஸ் வாரண்டி சட்டத்தை. வெளியில் வாங்கிய பாகம் மாட்டியிருக்கிறாய் என்பதற்காக மட்டும் வாரண்டியை மறுக்க முடியாது, அந்தப் பாகம்தான் பழுதுக்குக் காரணம் என்று கம்பெனி காட்ட வேண்டும் என்பது அங்கே நிலை. நல்ல கொள்கை. ஆனால் அது அந்த நாட்டுச் சட்டம், அங்கேயும் அதைச் சொன்னவுடன் யாரும் சாவியைத் தூக்கிக் கொடுத்துவிடுவதில்லை, காரணம் எது என்ற சண்டை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. அந்தச் சண்டைக்கு நம்மிடம் காகிதம் இருக்க வேண்டும். ஆயில் மாற்றிய பில், ஆயில் பரிசோதனை ரிப்போர்ட், ஒவ்வொரு ஜாப் கார்டும். என் கடைசி இரண்டு ஆயில் ரிப்போர்ட்டிலும் டீசல் கலப்பு ஏறியிருந்தது. டி.பி.எஃப். சுத்தமாகும்போது கொஞ்சம் டீசல் ஆயிலில் இறங்குவது வழக்கம்தான் என்று விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

டி.பி.எஃப்., இ.ஜி.ஆர். கழற்றியவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் உதவாது, இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-ல் வெளியிட்ட கணக்குப்படி, சுமார் பத்து ஆண்டில் 5,50,000-க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்களில் புகைக் கட்டுப்பாட்டைக் கழற்றியிருக்கிறார்கள். அங்கே அது சட்ட விரோதம், வேறு பல நாடுகளிலும் அப்படித்தான். நண்பர் ஒருவர் முழுவதும் கழற்றிவிட்டு ஓட்டினார், டர்போ போனபோது வண்டியைத் தூக்கிக் கீழே பார்த்த உடனேயே வெளியே அனுப்பிவிட்டார்கள். டர்போவில் உண்மையிலேயே தயாரிப்புக் குறை இருந்ததோ என்னவோ, யாரும் திறந்து பார்க்கவே இல்லை. அந்தக் கருவி வெளியே விடாமல் பிடிக்கும் கரி யாருடைய நுரையீரலுக்குப் போகும் என்பதையும் யோசியுங்கள். எனக்கு அதில் இரண்டாவது கருத்து இல்லை.

இப்போது வண்டி முழு ஸ்டாக்கில் ஓடுகிறது. வெப்பமானி மட்டும் இருக்கிறது, லோடோடு ஏற்றத்தில் 650-ஐத் தாண்டினால் காலை எடுத்துவிடுகிறேன். இழுவை குறைந்தது உண்மைதான், மேட்டில் ஒரு கியர் இறங்குகிறது, இறங்கட்டும். வேலை முடிந்த பிறகு 49,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது, ஆயில் ரிப்போர்ட்டில் டீசல் கலப்பு ஒரு சதவீதத்துக்குள் நிற்கிறது. கழற்றிய நான்காம் நம்பர் பிஸ்டனையும் இன்ஜெக்டரையும் டேக்கோடு கேட்டு வாங்கி வந்து வைத்திருக்கிறேன். ஃபைலைத் திரும்ப எழுதுவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வந்தவர்கள் இதுவரை மூன்று பேர். மூவருக்கும் அந்தப் பிஸ்டனைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தேன்.